அண்ணா, அப்பாவோட மெயில் கிடைச்சிருச்சு

அண்ணா,

போன்ல சொல்லலாம்னா நீ ரெண்டு நிமிஷத்துல அண்ணிகிட்ட கொடுத்துடுற. அதான் இங்க எழுதுறேன், எப்படியும் படிப்ப. மத்தவங்களும் படிப்பாங்கன்னு தெரியும், அதனால சிலதை இங்க தொடப்போறதில்லை.

அப்பா உனக்கு அனுப்பின பழைய மெயிலைப் பத்திப் பேசினப்ப, "மெயில்தானே, எங்கயாவது கிளவுட்ல இருக்கும், பாஸ்வேர்ட் போட்டுப் பாரு"ன்னு ஈசியா சொல்லிட்ட. 2005ல எங்கண்ணா கிளவுட்? அப்பா வச்சிருந்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ்னு ஒரு மெயில் ப்ரோக்ராம், பாப் கனெக்ஷன். மெயில் நம்ம கம்ப்யூட்டருக்கு இறங்குனதும் சர்வர்ல அழிஞ்சிரும், அப்புறம் இருக்கிறது அந்த ஒரு டப்பாக்குள்ள மட்டும்தான். உன் பக்கத்து காப்பி நீ கம்பெனி மாறுனப்பவே போச்சு. அந்தக் கம்ப்யூட்டரைப் பரண்ல இருந்து எறக்கி தூசி தட்டி சுவிட்ச் போட்டா எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் கொடுக்குற பொட்டி) டப்புன்னு வெடிச்சு வீடெல்லாம் கருகல் வாடை. தொறந்து பாத்தா மதர்போர்டுல கெப்பாசிட்டர் எல்லாம் உப்பிக்கிட்டு நிக்குது. பழைய இரும்புக்குப் போடுன்னு சித்தப்பா சொன்னாரு. சித்தப்பா வேற என்னல்லாம் சொன்னாருன்னு நேர்ல சொல்றேன்.

ஹார்ட் டிஸ்கை மட்டும் கழட்டிக்கிட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைப் பையன் நல்ல பையன், "அக்கா இனிமே இதுக்கு சும்மா சும்மா கரண்ட் கொடுக்காதீங்க, பேட் செக்டர், அதாவது கெட்டுப்போன எடம், நெறைய இருக்கு, மொதல்ல டிஸ்கை அப்படியே முழுசா காப்பி எடுத்துட்டு அந்தக் காப்பிலதான் நோண்டணும்"னான். அப்புறம் ஹிட்டன் ஃபோல்டருக்குள்ள போயி ஐடென்டிட்டீஸ்னு ஒண்ணு, அதுக்குள்ள நீளமா ஒரு நம்பர், அதுக்கும் உள்ள இன்பாக்ஸுக்கு ஒரு ஃபைல், சென்ட் ஐட்டம்ஸுக்கு ஒரு ஃபைல்னு டிபிஎக்ஸா (அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயிலை வைக்கிற ஃபைல் வகை) உக்காந்திருக்கு. தொறந்தா ஒரு எழுத்து தமிழ் இல்ல. நம்ம அப்ப அடிச்சது எல்லாம் டிஸ்கி (TSCII)ங்கிற பழைய தமிழ் எழுத்து முறையில, அந்த ஃபான்ட் இல்லாம பாத்தா துணைக்கால் வர்ற எடமெல்லாம் தலைகீழா ஒரு ஆச்சரியக்குறி நிக்குது. இப்ப எல்லாரும் அடிக்கிற யூனிகோடுக்கு மாத்துனா கொம்பு எடம் மாறி உக்காருது, ஏன்னா டிஸ்கில கொம்பை எழுத்துக்கு முன்னாடி வச்சிருப்பாங்க, யூனிகோடுல பின்னாடி. வேற கன்வெர்ட்டர் தேடி மாத்தி, விட்டுப்போனத கையால சரி பண்ணேன். அந்த ராத்திரியெல்லாம் உன்னை நெனச்சுத்தான் உக்காந்திருந்தேன்.

உனக்கு வந்த லெட்டரை நான் படிச்சதுக்கு சாரி. ஆனா படிக்காம எப்படி சரி பாக்குறது, அதுவும் இல்லாம படிச்சா என்ன, எல்லாமே நான் அடிச்சதுதானே. அப்பாவுக்கு மவுஸ் வரும், கீபோர்டு வராது.

அப்பா திதி அன்னிக்கு வீடியோ கால்ல எல்லார் முன்னாடியும் சொன்னியே, "அப்பாயி சாவுக்கு என்னால வர முடியல, ஆனா அப்பா ஒரு வார்த்தை கோவமா எழுதல, லீவு கிடைக்கலன்னா மனசப் போட்டு அலட்டிக்காத தம்பின்னுதான் எழுதினாரு, அந்த மாதிரி மனுஷன் இனி எங்க"ன்னு. அத்தை அழுதாங்க. நான் கையில பாயசக் கரண்டியோட நின்னுக்கிட்டிருந்தேன்.

அது நான் எழுதினது அண்ணா.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச ராத்திரி. பந்தல் இன்னும் பிரிக்கல. அப்பா மொட்டைத் தலையோட, துண்டைப் போத்திக்கிட்டு என் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து சொல்லச் சொல்ல அடிச்சேன். "உன்ன மடியில போட்டு வளத்தவ செத்துக் கிடந்தா, உனக்கு ப்ராஜெக்டா? அந்த ப்ராஜெக்டே உனக்குக் கொள்ளி போடட்டும். இனி இந்த வீட்டுப் படி ஏறாத." படிச்சுக் காட்டுன்னாரு. படிச்சேன். ஒரு வார்த்தை மாத்தல. அனுப்பிடுன்னு சொல்லிட்டு வாசல் பக்கம் படுக்கப் போயிட்டாரு. நான் டிராஃப்ட்ல சேவ் பண்ணிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன், அப்புறம் அதை டெலீட் பண்ணிட்டு புதுசா ஒண்ணு அடிச்சு, டயல்-அப் கத்துற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு ஸ்பீக்கரை அமுக்கிட்டு அனுப்பினேன்.

செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். அதை அனுப்பியிருந்தா நீ நிஜமாவே வந்திருக்க மாட்ட, உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா. ஆனா பதினெட்டு வயசுல நான் எதுக்குண்ணா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கணும்? நீ பாட்டுக்கு போயிட்ட. அப்பா கண் ஆபரேஷன், அம்மாவோட டயாலிசிஸ், அந்த வயல் விவகாரம் (இங்க வேண்டாம்) எல்லாத்துக்கும் ஓடினது யாரு? அந்த வீட்ல நல்ல பேரு மட்டும் உனக்கு வந்துச்சு, அதையும் நான்தான் டைப் பண்ணேன்.

உன் பதில் வந்தப்ப, "அப்பா உங்க மெயில் பாத்து அழுதுட்டேன்"னு போட்டிருந்த. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். என்னை ஒரு பார்வை பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. அடுத்த வாரம் லெட்டர் எழுதுற நேரம் வந்தப்ப, "நீயே ஏதாவது போட்டு அனுப்பிடு பாப்பா"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அதுக்கப்புறம் உனக்கு வந்ததுல எது அவரு சொன்னது, எது நான் போட்டதுன்னு எனக்கே இப்ப பிரிச்சு சொல்ல முடியல.

விஷயம் இதுதான். டெலீட் பண்ணின அந்த மெயிலும் வந்திருச்சு. அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ல டெலீட் பண்ணா உடனே போகாது, கம்பாக்ட் பண்ற வரைக்கும், அதாவது ஃபைலைச் சுருக்கி அழிச்சதை நிஜமாவே தூக்குற வரைக்கும், ஃபைலுக்குள்ளயே கிடக்கும். கம்பாக்ட் பண்ணவான்னு அது அப்பப்ப கேக்கும், அப்பா எதுக்கு வம்புன்னு ஒவ்வொரு தடவையும் கேன்சல் அமுக்கியிருக்காரு போல.

ரெண்டையும் அனுப்புறேன். வேண்டாம்னுதான் முதல்ல நெனச்சேன், இப்ப இல்ல. சென்ட் ஐட்டம்ஸ் ஒரு ஜிப், அது பிள்ளைகளுக்குக் காட்டு, பாட்டி வச்ச மாங்கா ஊறுகாய் கதையெல்லாம் அதுல இருக்கு. டெலீட் ஆனது தனி ஜிப், அதோட பாஸ்வேர்டு உனக்கு மட்டும் மெசேஜ்ல வரும். அண்ணி பக்கத்துல இல்லாதப்ப தொற. தொறக்காட்டியும் பரவாயில்ல, ஆனா படிச்சியா இல்லையான்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடு. ஹார்ட் டிஸ்க் என்கிட்ட இருக்கு, அதைக் கேக்காத, தர மாட்டேன்.

பாப்பா