சைக்கிள் மோதினாலும் எலும்பு முறியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காலைநேர சைக்கிள் குழுக்களைப் பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் உங்கள் நிருபர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நம் கோவை ரேஸ்கோர்ஸில் இருட்டு விலகும் முன்பே கூடுகிறார்கள், மருதமலை அடிவாரம் வரை மிதித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்றெல்லாம் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. நடுவில் ஒரு வரி. சைக்கிளால் அடுத்தவருக்குத் துளியும் தீங்கு கிடையாது என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ஊரில் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று தெரியும். பத்திரிகையும் அதையே அச்சில் போடலாமா?

போன வருடம் ஒரு காலை, உழவர் சந்தையில் காய் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். சாலையில் அல்ல, நடைபாதையில். வண்டிகள் போகிற திசைக்கு நேர் எதிராக, அதே நடைபாதையில் ஏறி ஒரு கியர் சைக்கிள் வந்தது. மணி இல்லை. ஓட்டி வந்த பையனின் இரண்டு காதிலும் இயர்போன். நான் சுவரோரமாக ஒதுங்கினேன். அவனும் அதே பக்கம் ஒடித்துவிட்டான். ஹேண்டில்பார் முனை என் பையின் காதில் மாட்டி என்னைச் சுழற்றிப் போட்டது. வலது கையை ஊன்றி விழுந்தேன். நர்சிங் பாடத்தில் படித்த அதே வளைவு என் மணிக்கட்டில் தெரிந்தது, கவிழ்த்து வைத்த முள்கரண்டி போல. எக்ஸ்ரே எடுக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பையன் முதலில் குனிந்து பார்த்தது தன் பின்சக்கரத்துக் கியரை. அப்புறம்தான் "ஸாரி ஆன்ட்டி" என்றான். டீக்கடையிலிருந்து ஓடிவந்த ஒருவர், "சைக்கிள்தானுங்க, பெருசா ஒண்ணும் ஆயிருக்காது, எந்திரிங்கம்மா" என்று உடைந்த கையையே பிடித்துத் தூக்க வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார். அவர் வாயில் வந்ததைத்தான் உங்கள் நிருபரும் எழுதியிருக்கிறார்.

மாவுக்கட்டு போட்டிருந்த நாளெல்லாம் மருமகள்தான் எனக்குத் தலை சீவிவிட்டாள், சேலை கட்டிவிட்டாள். கட்டுப் பிரித்த பிறகும் தோசைக்கல்லைத் தூக்க அந்தக் கைக்குத் தெம்பு வரவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு எவ்வளவு சீக்கிரம் வலுவிழக்கும் என்று கிராமம் கிராமமாகப் போய்ச் சொன்னவள் நான். எனக்கு மணிக்கட்டோடு போயிற்று. இதே வயதில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர்கள் எத்தனை பேர் மறுபடி எழுந்து நடக்கவில்லை என்பதையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

மகன் புகார் கொடுக்கப் போனான். சைக்கிளுக்கு நம்பரும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை, என்ன கேஸ் போடுவது, சமாதானமாகப் போய்விடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கேஸ் போட முடியும் ஐயா. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில்தான் சைக்கிளுக்கு இடமில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு, பொதுவழியில் எந்த வாகனத்தையும் உயிருக்கு ஆபத்தாகும்படி ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பையனை உள்ளே தள்ள நாங்கள் கேட்கவில்லை. நடந்ததை எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டோம். ஸ்கூட்டர் மோதியிருந்தால் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம், இன்சூரன்ஸ் கம்பெனி பதில் சொல்லியிருக்கும். சைக்கிள் என்பதால் மருத்துவச் செலவு முழுக்க எங்கள் தலையில்.

எழுதிக்கொள்ளாததால் என்ன ஆகிறது? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. பெரும்பாலும் லாரி, பஸ், கார், பைக் மோதித்தான் இறக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கே காவல் நிலையப் பதிவுகளிலிருந்து வருவது. பதிவே இல்லாத என் மணிக்கட்டு எந்தக் கணக்கில் வரும்? கணக்கில் வராததை இல்லவே இல்லை என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்!

சைக்கிள் மோதி யார் சாகப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2016-இல் லண்டனில் முன்பிரேக் இல்லாத சைக்கிள் மோதி, சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அங்கேயும் இதற்கென்று பொருத்தமான சட்டம் இல்லாமல், குதிரை வண்டிக் காலத்து 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடி எடுத்துத்தான் ஓட்டியவருக்கு 18 மாதம் சிறை விதித்தார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 7 மீட்டர். பார்த்து, சுதாரித்து, பிரேக் பிடிப்பதற்குள் அந்த 7 மீட்டர் முடிந்துவிடும்.

சைக்கிள் மேல் எனக்கு வெறுப்பு என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். சூலூர், பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். தடுப்பூசிப் பெட்டியை கேரியரில் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் தென்னந்தோப்புப் பாதையில் மிதித்துப் போன கால்கள் இவை. ஆடு குறுக்கே வந்தாலும் மணி அடிப்போம், ஆள் வந்தால் இறங்கியே விடுவோம். அந்தக் காலத்தில் உள்ளாட்சியில் பணம் கட்டி, தகர வில்லை வாங்கி சைக்கிளில் மாட்ட வேண்டும். டைனமோ எரியாமல் ராத்திரியில் போனாலோ டபுள்ஸ் அடித்தாலோ போலீஸ்காரர் நிறுத்தி காற்றைப் பிடுங்கிவிடுவார். அது கெடுபிடி என்று அன்றைக்குத் திட்டியிருக்கிறோம். இன்றைக்கு பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிற சைக்கிளில் மணியும் இல்லை, விளக்கும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. போதாததற்கு மின்சார சைக்கிள் வேறு. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

சரி, அந்தப் பையன் ஏன் நடைபாதையில் ஏறினான்? சாலையில் போனால் ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் உரசிப் போகும், அதனால் ஏறினான். அந்தப் பயம் நியாயமானது. பிளஸ் 1 படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு வருடாவருடம் விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது, நல்ல காரியம். கொடுத்த சைக்கிளை எங்கே ஓட்டுவது? அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் அந்தப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவில் தடுமாறுவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. கார்களுக்கு மேம்பாலத்துக்கு மேல் மேம்பாலம் கட்டுகிறார்கள். நடக்கிறவர்களுக்கும் மிதிக்கிறவர்களுக்கும் மிஞ்சுவது அந்த ஓரம் ஒன்றுதான். அதற்குள் நாங்கள் இரண்டு தரப்பும் மோதிக்கொள்கிறோம்.

அந்த ஓரமாவது முழுசாகக் கிடைக்கிறதா? நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறி இருக்கிறது. நான் விழுந்த இடத்தில் மின்பெட்டி ஒன்று, ஃபிளெக்ஸ் கட்டிய கம்பு ஒன்று, நிறுத்திய பைக்குகள் ஒரு வரிசை. முழங்கால் வலிக்காரர்கள் ஏற முடியாத உயரத்தில் கட்டிவிட்டு, ஒவ்வொரு கடை வாசலிலும் வெட்டி இறக்கியிருக்கிறார்கள். அந்தச் சரிவு சைக்கிளும் பைக்கும் ஏறத்தான் வசதி. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012-இல் வழக்குப் போட்டவர் நம் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்துவது உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கிய உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கு எங்கள் ஊரிலிருந்து போனது. தீர்ப்பு மட்டும் எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இவ்வளவையும் உங்களால் சரிசெய்ய முடியாது என்று தெரியும். நான் கேட்பது சின்ன விஷயம். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். சைக்கிள் பேரணி, ஞாயிற்றுக்கிழமை சவாரி என்று அறிவிப்பு வரும்போதெல்லாம், மணியும் பிரேக்கும் இல்லாத சைக்கிளை எடுத்து வர வேண்டாம், நடைபாதையில் ஏற நேர்ந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள் என்று கூடவே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோவை