எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மலேரியா மருந்தோடு புரோபயாடிக்கும் (உடலுக்கு நன்மை தரும் என்று விற்கப்படும் உயிருள்ள பாக்டீரியா) சேர்த்து எடுத்துக்கொண்டால் விரைவில் குணமாகும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடல் நுண்ணுயிர்களுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டுரை சொல்லும் பலன்களெல்லாம் எலிகளிடம் கண்டவை. அதைக் கடைசிப் பத்தியில், அரை வரியில் சொல்லி நகர்ந்துவிட்டார் கட்டுரையாளர்.

2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு சுவையானதுதான். ஒரே இனத்து எலிகளை வெவ்வேறு விற்பனையாளர்களிடம் வாங்கி, ஒரே மலேரியா ஒட்டுண்ணியைச் செலுத்தினார்கள். சிலவற்றுக்கு நோய் முற்றியது. சிலவற்றுக்கு இலேசாக வந்து போனது. காரணத்தைத் தேடியவர்கள் குடலில் போய் நின்றார்கள். லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்னும் பாக்டீரியாக்கள் உள்ள தயிரைப் புகட்டியபோது ஒட்டுண்ணிகள் குறைந்தன. குறைந்தன, அவ்வளவே. அவர்கள் பயன்படுத்திய பிளாஸ்மோடியம் யோயலி என்ற ஒட்டுண்ணி, எலி வகைகளைத் தாக்குவது. மனிதருக்கு மலேரியா தருவது அதுவன்று. மருந்தோடு புரோபயாடிக்கைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த எலி ஆய்வுகளும் உண்டு. மேலும் ஆராயலாம் என்பதற்கு அவை போதும்; வாங்கிச் சாப்பிடுங்கள் என்பதற்குப் போதா.

மலேரியாவைக் கண்டறிய, கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தப் பூச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். காய்ச்சல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றித்தான் என் கவலை. வைவாக்ஸ் என்ற வகை மலேரியாவில் இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணிகள் ஒழிந்த பிறகும் கல்லீரலில் சில உறங்கிக் கிடக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடியும் காய்ச்சல் வரும். கல்லீரலில் உறங்குபவற்றைக் கொல்லத்தான் பிரைமாகுயின் மாத்திரையை வழக்கமாக 14 நாள் கொடுக்கிறார்கள் (ஜி-6-பி-டி நொதி குறைந்தவர்களுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் முதலில் சோதிப்பது அவசியம்). ஐந்தாம் நாளே உடம்பு தேறியவருக்கு மீதி மாத்திரைகள் வெறும் தொல்லையாகத் தெரியும். அவரிடம் 'இயற்கையானது' என்று இன்னொரு புட்டியையும் நீட்டினால், இரண்டில் எதை விடுவார்?

துணைக்குத்தானே, கெடுதல் என்ன என்ற தொனியும் சரியல்ல. பால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா கடுமையாகும்போது ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் குடலின் நுண்குழாய்களிலும் ஒட்டி அடைக்கின்றன. குடல் சுவர் பழுதானால் அங்குள்ள பாக்டீரியா இரத்தத்துக்குள் நுழைய வழி பிறக்கிறது. அந்த வேளையில் உயிருள்ள பாக்டீரியாவைக் கோடிக்கணக்கில் விழுங்கச் சொல்வதா? 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கடும் கணைய அழற்சி நோயாளிகளை ஏறத்தாழ சமமான இரு பிரிவாக்கினார்கள். புரோபயாடிக் பெற்ற பிரிவில் 24 பேர் இறந்தார்கள். பெறாத பிரிவில் 9 பேர். நோய் வேறுதான். ஆனாலும் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இது தீங்கற்றது என்று இனி யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

மருந்தோடு எதைச் சாப்பிடலாம் என்று எழுதுவதானால், மனிதரிடம் நிரூபணமான ஒன்று இருக்கிறது. ஆர்ட்டிமெதர்-லூமிபேன்ட்ரின் என்ற மலேரியாக் கூட்டு மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோடு எடுத்தால்தான் லூமிபேன்ட்ரின் உடலில் நன்றாகச் சேரும். மூன்று நாளில் ஆறு வேளை, ஒன்றும் தவறாமல். முழுப்பக்கக் கட்டுரையில் இதற்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்