அது சுன் வுகோங் இல்லை, கயல்

அன்புள்ள கயல்,

சீனாவின் சின்லிங் மலையில் நீ எடுத்த தங்கக் குரங்குப் படங்கள் வந்தன. நீல முகம், பொன்னிற முடி, மேலே தூக்கிய மூக்கு. அம்மா ஃபோனைக் கீழே வைக்கவில்லை. ஆனால் "இதுதான் சுன் வுகோங் என்று வழிகாட்டி சொன்னார்" என்று எழுதியிருக்கிறாயே, சீனக் கதையின் அந்தக் குரங்கு வீரன், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சுவாலஜி வாத்தியாருக்கு இப்படி எழுதிவிட்டுத் தப்பிக்க முடியுமா?

1592-இல் அச்சான 'மேற்கு நோக்கிய பயணம்' கதையில் ஒருவன் சுன் வுகோங்கிடம், மனிதனைப் போல உனக்குக் கன்னச் சதை இல்லையே என்று குறை சொல்வான். மனிதனுக்கு இல்லாத கன்னப்பை எனக்கு உண்டு, கணக்கு சரியாகிவிட்டது என்பான் இவன். கன்னப்பை யாருக்கு உண்டு? நம் கோயில் வாசலில் வாழைப்பழத்தைப் பறித்து வாயில் அடக்கிக்கொண்டு ஓடுகிறதே, அந்த வகைக்குத்தான். சீனாவில் அதன் சொந்தக்காரன் ரீசஸ் குரங்கு. நீ பார்த்த தங்கக் குரங்குக்குக் கன்னப்பை கிடையாது. அது வால்பாறைக் கருமந்தியின் உறவு. இலையைத் தின்று அறை அறையான வயிற்றில் நிதானமாகச் செரிக்கும் கூட்டம்.

கதையில் சுன் வுகோங்குக்குத் தேவலோகத்தில் கிடைக்கும் முதல் வேலை குதிரை லாயத்தில். அதுவும் சும்மா வைத்ததில்லை. லாயத்தில் குரங்கைக் கட்டினால் குதிரைகளுக்கு நோய் அண்டாது என்று 6-ஆம் நூற்றாண்டுச் சீன வேளாண் நூலிலேயே இருக்கிறது. லாயத்தில் கட்டி வளர்க்க லேசாகப் பிடிபடுவது ஊரை ஒட்டித் திரியும் ரீசஸ் குரங்குதானே.

தங்கக் குரங்குக்குக் கதை இல்லை என்று நினைத்துவிடாதே. 4-ஆம் நூற்றாண்டில் குவோ பூ என்ற சீன அறிஞர் ஒரு பழைய அகராதிக்கு உரை எழுதினார். மூக்கு மேல் நோக்கிய, நீள வால் குரங்கு ஒன்றை அதில் சொல்கிறார்: மழை வந்தால் மரத்தில் தொங்கிக்கொண்டு வால் நுனியாலோ இரண்டு விரலாலோ மூக்கை அடைத்துக்கொள்ளுமாம்! 2010-இல் மியான்மரில் இதே பேரினத்தில் ஒரு புது இனத்தை அறிவித்தார்கள். மழையில் அது தும்மும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம் என்று அங்குள்ள வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். இத்தனை நூற்றாண்டு இடைவெளியில் ஒரே மூக்கைப் பற்றி ஒரே கேலி. வாலால் அடைப்பதை நான் நம்பவில்லை, ஆனால் அந்த உரைக்காரரை எனக்குப் பிடித்துவிட்டது.

குளிர்காலத்தில் அங்கே இலை ஏது? பட்டை, மொட்டு, மரத்தில் பாசி போலப் படரும் லைக்கன், இவற்றை வைத்தே பனியைக் கடத்திவிடும். ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று சிறு குடும்பங்கள். அப்படிப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே கூட்டமாக நகரும். ஹூபெய் மாநிலத்து ஷென்னொங்ஜியாவில் ஆய்வு செய்தவர்கள் 2019-இல் வெளியிட்ட விவரம்தான் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான குட்டிகள் பெற்றவளிடம் மட்டுமல்ல, மற்றப் பெண் குரங்குகளிடமும் பால் குடிக்கின்றன. "உன் சித்தி இல்லாவிட்டால் நீயும் வளர்ந்திருக்க மாட்டாய்" என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இன்னொன்று. நீ இவ்வளவு கிட்டே நின்று எடுத்திருக்கிறாய் என்றால் அது காவலர்கள் தீனி வைத்துப் பழக்கிய கூட்டமாகத்தான் இருக்கும். தோலுக்காக வேட்டையாடப்பட்டு, காடும் வெட்டப்பட்டு ஒடுங்கிப்போன இனம் அது. இன்று முதல் நிலைப் பாதுகாப்பில் இருக்கிறது. கையில் எதையும் நீட்டாதே.

சுன் வுகோங் நம் அனுமனா என்று கேட்டிருந்தாய். சீன அறிஞர் ஹூ ஷி ஆம் என்றார். எழுத்தாளர் லூ சுன், சீனாவின் ஹுவாய் ஆற்றின் சங்கிலியிட்ட நீர்ப்பூதம்தான் மூலம் என்றார். எனக்கு இரண்டிலும் முழு நம்பிக்கை இல்லை. வாய்ப்பு கிடைத்தால் ச்சுவான்ஜோ துறைமுக நகருக்குப் போ. அங்கே கையுவான் கோயிலின் 13-ஆம் நூற்றாண்டு மேற்குக் கோபுரத்தில் குரங்கு முக வீரன் ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான். அதே ஊரில் 1281-இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. அந்த வீரனைப் படம் எடுத்து அனுப்பு.

லீவுக்கு அமெய் மலைக்குப் போவதாகச் சொன்னாய். அங்குள்ளவை திபெத் குரங்குகள், கன்னப்பைக்காரர்கள், முரடர்கள். பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துவிடும். தின்பண்டத்தை உள்ளே வை, பையை முன்பக்கம் மாட்டிக்கொள். கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடு. டாக்டருக்குப் படிக்கிறவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா