சாட்சி சொல்ல யாரை அழைக்கிறீர்கள்?

பிரசங்க பீடத்தில் நிற்கும் ஊழியர்களுக்கு, பின்வரிசையில் உட்காரும் ஒரு விசுவாசியின் ஸ்தோத்திரங்கள்.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." தேர்வில் ஜெயிக்க, வியாபாரம் பெருக, வீடு கட்ட, எல்லாவற்றுக்கும் இந்த வசனத்தைத்தான் எடுக்கிறீர்கள். சரி, அதற்கு முந்தின வசனத்தை ஏன் சேர்த்து வாசிப்பதில்லை? பிலிப்பி சபைக்கு எழுதிய அந்த நிருபத்தில் அப்போஸ்தலன் பவுல் அங்கே பேசுவது திருப்தியாயிருப்பதையும் பட்டினியாயிருப்பதையும் பற்றி. காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவிடம் கொடுத்தனுப்பிய உதவி கைக்கு வந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லும்போதே, என் குறைச்சலினால் இப்படிச் சொல்லவில்லை, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது போதும் என்ற மனதோடிருக்க, கற்றுக்கொண்டேன் என்கிறார். பவுலே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், எங்களுக்கு அது ஒரே ஆராதனையில் வந்துவிடுமா? நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

ஆகூரின் விண்ணப்பம் நீதிமொழிகள் 30-ல் இருக்கிறது. தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், என் படியை அளந்து கொடும் என்று கேட்கிறார். என்னை ஆசீர்வதித்து என் எல்லையைப் பெரிதாக்கும் என்ற யாபேசின் ஜெபத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இதை வைத்து யாரும் ஜெபித்து நான் கேட்டதில்லை.

எங்கள் சபையில் ஒரு அம்மா இருக்கிறார். வெகுகாலமாக வாடகை வீடு. பார்க்கிறவர்கள் எல்லாம் தலையில் கைவைத்து, "அடுத்த வருஷம் சொந்த வீடு, ஆமென்" என்று அறிக்கையிட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே, "இருக்கிற வீட்டுக்கே இன்னும் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கலையே, பாஸ்டர்" என்றார். போதகர் அதை விசுவாசக் குறைவு என்று நினைத்து, இன்னும் சத்தமாக ஜெபித்தார். அன்று அந்த வீட்டில் நிஜமான பிரசங்கம் செய்தது அந்த அம்மாதான் என்பது என் எண்ணம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கூலி பிடிக்கப்பட்டவனிடம் போய் "போதும் என்று இரு" என்று சொல்லச் சொல்லவில்லை. அவனுக்கு வேண்டியது நியாயம். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது ஐசுவரியவான்களுக்கு. போதுமென்கிற மனதைப் பற்றிய பிரசங்கமும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். காணிக்கை குறைந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். ஆனால் தேவபக்தியை ஆதாயத்தொழில் என்று எண்ணுகிறவர்களைக் கண்டித்த கையோடுதான், போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டிருக்கிறது.

சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தவர், கார் வாங்கியவர், விசா வந்தவர் என்று வரிசையாக எழும்புகிறார்கள். அவர்கள் சந்தோஷத்தில் எனக்கும் சந்தோஷமே. அப்புறம், கேட்டது கிடைக்காமலே கர்த்தரோடு சமாதானமாயிருக்கிறவர்களையும் ஒருமுறை அழையுங்கள். "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை" என்ற வாக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வாழ்கிறவர்கள் அவர்கள். மைக்கை அவர்கள் கையில் கொடுங்கள். பாதியில் வாங்கி, "சீக்கிரம் கிடைக்கும்" என்று ஜெபித்து முடித்துவிடாதீர்கள்.