எஸ்இலினக்ஸை ஏன் ஆஃப் செய்ய வேண்டும்?

ஆசிரியருக்கு,

சொந்தமாக வெப் சர்வர் அமைப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் ஆபீஸ் பையன்கள் வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். எளிமையாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் இரண்டாவது படியிலேயே எஸ்இலினக்ஸை, அதாவது எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸின் பாதுகாப்பு ஏற்பாட்டை, ஆஃப் செய்யச் சொல்கிறார், தொல்லையாம். பதினான்கு வருடமாக சர்வர்களோடு மல்லுக்கட்டுபவன் நான். அந்த ஒரு வரியை மட்டும் ஏற்க முடியவில்லை.

தொல்லையை நானும் பட்டவன்தான். ஒரு கல்லூரியின் தேர்வு முடிவுப் பக்கங்களை என் ஹோம் டைரக்டரியில் தயார் செய்து, வெப் சர்வர் ஃபோல்டருக்கு எம்வி கட்டளையால் நகர்த்தினேன். திறந்தால் 403, அதாவது 'அனுமதி இல்லை'. பெர்மிஷன் எல்லாம் ஒழுங்காக இருந்தது. எரிச்சலில் எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 கூடப் போட்டுப் பார்த்தேன் (தப்புதான்). அப்போதும் 403. செட்என்ஃபோர்ஸ் 0 அடித்து, எஸ்இலினக்ஸ் எதையும் மறிக்காதபடி செய்ததும் பக்கம் திறந்துகொண்டது. அதோடு வீட்டுக்குக் கிளம்பியிருந்தால் நானும் கட்டுரையாளர் கட்சியாகியிருப்பேன்.

மறித்தவற்றைப் பதிந்து வைக்கும் ஆடிட் லாக்கைப் பார்த்தபோதுதான் புரிந்தது. எஸ்இலினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் உண்டு. எம்வி பழைய லேபிளோடு நகர்த்திவிடும். சிபி கட்டளையால் காப்பி போட்டிருந்தால் புது இடத்து லேபிள் ஒட்டியிருக்கும். 'ஹோம் டைரக்டரி ஃபைல்' என்ற லேபிளோடு கிடந்ததை வெப் சர்வர் தொடக் கூடாது என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மறித்திருக்கிறது. இடத்துக்கேற்ற லேபிளை ஒட்டும் ரீஸ்டோர்கான் கட்டளை, ஒரே வரி, சரியாகிவிட்டது.

மறித்ததில் என்ன தப்பு? சாதாரண பெர்மிஷனில் ஃபைலின் சொந்தக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் திறந்துவிடலாம். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கைக் கேட்பாரே இல்லை. எஸ்இலினக்ஸ் இருந்தால், அந்தச் சோதனை முடிந்த பிறகும் கெர்னல் இன்னொரு முறை அதன் பாலிசியை, அதாவது யார் எதைத் தொடலாம் என்ற விதிகளைப் பார்க்கிறது, அதற்கு ரூட்டும் விலக்கில்லை. வெப் சர்வரில் ஓட்டை கண்டு ஒருவன் நுழைந்தாலும், வெப் சர்வருக்கு அனுமதித்த ஃபைல்களைத் தாண்டுவது அவனுக்குக் கஷ்டம்.

2000 டிசம்பரில் இதை வெளியிட்டது அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ, அதனால் நம்பக் கூடாது என்று சிலர் சொல்வதுண்டு. மூலநிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. 2003 முதல் லினக்ஸ் கெர்னலோடே வருகிறது. கட்டுரையாளர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதிலும் இதுதான் ஓடுகிறது, 5.0 பதிப்பிலிருந்து முழுக்க அமலில். அதை மட்டும் அவர் ஆஃப் செய்யச் சொல்லவில்லை!

சிக்கல் வந்தால் பெர்மிசிவில் (மறிக்காமல் லாக்கில் மட்டும் எழுதும் நிலை) வைத்து லாக்கைப் படியுங்கள், சரிசெய்ததும் என்ஃபோர்சிங்குக்கு (மறிக்கும் நிலை) திரும்புங்கள் என்று ஒரு திருத்தம் போடுங்கள். எங்கள் சுவரில் இருப்பதை நானே பேனாவால் திருத்திவிட்டேன்.

ஒரு சர்வர் நிர்வாகி,
ஈரோடு