ஹீட்டரை மாற்றிவிட்டேன், மாப்ளே

சாண்ட்லர், அரிசோனா
நவம்பர், ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகள் கல்யாணம் தை கடைசியில் முடிவாகிவிட்டதைப் படித்ததும் உன் தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். பொங்கலுக்கு முன்னாலேயே ஊரில் இருப்போம். எங்களை விருந்தாளி மாதிரி உட்கார வைத்துவிடாதே, பந்தல் வேலை, சமையல்கட்டு எதுவானாலும் எங்களுக்கும் பங்கு வேண்டும்.

கிணற்று மோட்டார் எரிந்து, மூன்றாவது தடவையாக உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை மாற்றிக் காயில் கட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். இன்னொரு தடவை எரிந்தால் மறுபடி கட்டுவதா, புதுசு வாங்குவதா என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியைத்தான் இந்த வருஷம் மார்ச்சிலிருந்து மே வரை நானும் தலையில் சுமந்துகொண்டிருந்தேன். எனக்கு அது மோட்டார் இல்லை, வீட்டு நீச்சல் குளத்தின் ஹீட்டர்.

பாலைவனத்தில் எதற்கப்பா தண்ணீரைச் சூடாக்க வேண்டும் என்பாய். இங்கே வெயில் காலத்தின் கதைதான் வெளியே தெரியும். 2023-ல் ஜூன் கடைசி நாளிலிருந்து பக்கத்து ஃபீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல் அடித்தது, அது உண்மை. ஆனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடும். சூடாக்காத குளத்துத் தண்ணீர் பன்னிரண்டு டிகிரியில் நிற்கும், காலை வைத்தால் எலும்பு வரை ஏறும். உன் தங்கச்சிக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். தினமும் தண்ணீருக்குள் நாற்பது நிமிஷம் நடக்கச் சொல்லி நாலு வருஷம் முன்பு பிசியோதெரபிஸ்ட் சொன்னார். மூட்டு வலிக்காரர்களின் தண்ணீர்ப் பயிற்சிக்கு 28 முதல் 31 டிகிரி வரை இருக்க வேண்டும் என்று இங்கே ஆர்த்ரைட்டிஸ் ஃபவுண்டேஷன் சொல்கிறது. அவள் படியேறும்போது இப்போது கைப்பிடியைப் பிடிப்பதில்லை. எனக்கு அந்த ஹீட்டர் அவ்வளவு முக்கியம்.

2013-ல் இந்த வீட்டுக்கு வந்தபோது போட்ட காஸ் ஹீட்டர் அது. மணிக்கு 2,50,000 பிடியு, இங்கே சூட்டை அளக்கிற கணக்கு அது. இந்த ஜாதி ஹீட்டர் எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஓடினால் நல்ல ஓட்டம் என்பார்கள். இடையில் நாலைந்து தடவை நின்றிருக்கிறது. ஒரு தடவை பற்றவே இல்லை. திறந்து பார்த்தால் பர்னர் குழாய் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. ஒரு பிரஷ்ஷால் துடைத்ததோடு சரி. இன்னொரு தடவை பெரிய புழுதிப் புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், தண்ணீர் அழுத்தம் இல்லை என்று திரையில் காட்டி நின்றுவிட்டது. பில்டரில் சேறு அடைத்திருந்தது, ஹீட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்புறம் இக்னைட்டர் ஒன்று, கண்ட்ரோல் போர்டு ஒன்று மாற்றினேன். இந்த ரிப்பேர் எதற்கும் நான் வருத்தப்படவில்லை. பட்ட பணத்துக்கு மேலேயே அது உழைத்தது.

போன குளிர்காலத்தில்தான் வேறு மாதிரி ஆனது. முதலில் சத்தம், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அந்தக் குறுகுறுப்பு. அடுத்து குளத்துச் சுவரில், தண்ணீர் உள்ளே பீச்சும் வாய்க்குக் கீழே நீலப் பச்சையாக ஒரு கறை. மூன்றாவதாகப் பக்கத்து வீட்டுக் குழந்தை. ஆறு வயது, தலைமுடி வைக்கோல் நிறத்தில் இருக்கும், சனிக்கிழமை எங்கள் குளத்தில்தான் கிடப்பாள். ஒருநாள் அவள் அம்மா அவளை வெயிலில் நிறுத்தி முடியைப் பிரித்துக் காட்டினாள். நுனி முழுக்க வெளிர்பச்சை. குளோரின் ஜாஸ்தியாகிவிட்டதோ என்று கேட்டாள். முடியைப் பச்சையாக்குவது குளோரின் இல்லை மாப்ளே, தண்ணீரில் கரைந்த தாமிரம். எங்கள் குளத்தில் தாமிரம் இருக்கிற ஒரே இடம் அந்த ஹீட்டரின் வயிறுதான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "பன்னிரண்டு வருஷமா? மாற்றிவிடுங்கள்" என்று விலைச்சீட்டை நீட்டினார். வயசைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தவர் பெரியவர், நிதானமானவர். அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தும் உடனே லீக் என்று சொல்லவில்லை. குளிர்ந்த தண்ணீரோடு ஹீட்டரைப் போட்டால் காஸ் எரிந்த புகையில் இருக்கிற ஈரம் குழாயில் வியர்த்துச் சொட்டும், தண்ணீர் சூடேறியதும் நின்றுவிடும், அதை லீக் என்று நினைத்து நல்ல ஹீட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு என்றார். பர்னரை அணைத்து, பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, இரண்டு பேரும் காபி குடித்தோம். அரை மணி கழித்தும் சொட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் திறந்தார்.

அதை நீ பார்த்திருக்க வேண்டும். குழாயைச் சுற்றி வரிசை வரிசையாக மெல்லிய தாமிர இதழ்கள். ஒரு ஓரத்தில் இரண்டு சாண் நீளத்துக்குப் பாசி படிந்த கோயில் குளப்படி மாதிரிப் பச்சை. பெரியவர் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டதும் இதழ் பொடியாக உதிர்ந்தது. அதற்கு நேர் கீழே பர்னர் தட்டு துருப்பிடித்துப் பொரிந்திருந்தது.

எதனால் இப்படி என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பம்ப்புக்கு முன்னால் இலை சேருகிற கூடையைத் திறந்து காட்டினார். உள்ளே நான் வாராவாரம் போட்டு வைக்கிற குளோரின் மாத்திரைகள். அந்த மாத்திரை கரைந்த தண்ணீரின் பி.எச்., அதாவது புளிப்பைக் காட்டுகிற அளவு, மூன்றை ஒட்டி இருக்கும், கிட்டத்தட்ட வினிகர். பம்ப் நின்றிருக்கிற நேரத்தில் அந்தப் புளிப்புத் தண்ணீர் கூடையிலேயே ஊறிக் கிடக்கும். பம்ப் ஓடத் தொடங்கியதும் முதல் மடக்கு நேராகத் தாமிரத்துக்குத்தான் போகும். பன்னிரண்டு வருஷமாக நானே என் கையால் அதை ஊற்றியிருக்கிறேன்.

அப்போது உன் ஞாபகம்தான் வந்தது. 2011-ல் ஐகோர்ட் உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோது நீ எழுதியிருந்தாய்: ஓடுகிற பாய்லரை விட நிறுத்தி வைத்த பாய்லர்தான் சீக்கிரம் கெடும், உள்ளே கிடக்கிற தண்ணீரைச் சரி பண்ணாமல் பூட்டிவிட்டுப் போனால் திரும்பத் திறக்கும்போது குழாய் இருக்காது என்று. என் ஹீட்டரும் வருஷத்தில் ஆறு மாதம் சும்மா கிடக்கும். நீ சொன்னதைப் படித்தேனே தவிர, என் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

இனிக் கணக்கு. எக்ஸ்சேஞ்சர், அதாவது தண்ணீரைச் சூடாக்குகிற அந்தத் தாமிரக் குழாய்ப் பகுதி, மட்டும் மாற்றக் கூலியோடு 1,900 டாலர். அதே மாதிரிப் புது காஸ் ஹீட்டர் 4,300. ரிப்பேர் செலவு புதுசின் விலையில் பாதிக்கு மேல் போனால் மாற்று என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். அதன்படி பார்த்தால் எனக்கு ரிப்பேர்தான் லாபம். பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "புது எக்ஸ்சேஞ்சரை இந்தத் துருப்பிடித்த பெட்டிக்குள்ளா வைக்கச் சொல்கிறீர்கள்?" பர்னர் தட்டு இந்த வருஷம், காஸ் வால்வ் அடுத்த வருஷம் என்று போய்க்கொண்டே இருக்கும். ரிப்பேர் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எதை வாங்குவது என்பதில்தான் ஒரு மாதம் போனது. இங்கே இப்போது ஹீட் பம்ப் என்று ஒன்று நிறையப் பேர் போடுகிறார்கள். ஏசியைத் திருப்பிப் போட்டது மாதிரி, வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணீரில் இறக்கும். நோட்டை எடுத்து நம் பழைய முறையில் போட்டுப் பார்த்தேன். குளத்தில் 45,000 லிட்டர். ஒரு டிகிரி ஏற்ற 45,000 கிலோ கலோரி, அதாவது 52 யூனிட். 14-லிருந்து 29-க்கு ஏற்ற 785 யூனிட் சூடு வேண்டும். காஸ் ஹீட்டர் 82 சதவீதம்தான் தண்ணீருக்குத் தரும், மிச்சம் புகையோடு போகும். எங்கள் பில் விலையில் அதற்கு 55 டாலர் ஆகிறது. ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டு தின்று நாலு யூனிட் சூடு தரும், காற்று வெதுவெதுப்பாக இருந்தால் ஐந்துகூடத் தரும். நாலு என்றே வைத்தாலும் 25 டாலருக்குள் முடிகிறது.

ஆனால் மெதுவான ஆள். காஸ் அதைப் பதின்மூன்று மணி நேரத்தில் முடிக்கும், ஹீட் பம்ப்புக்கு ஒன்றரை நாள் வேண்டும். வெளியே பத்து டிகிரிக்குக் கீழே போனால் திணறும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பேரன் பேத்தி வரும்போது மட்டும் குளத்தைச் சூடாக்குகிற வீட்டுக்கு காஸ்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டில் தினமும் ஒரே ஆள், ஒரே நேரம். ஒருமுறை ஏற்றிவிட்டு அப்படியே பிடித்து வைத்தால் போதும். டிசம்பரிலும் பகலில் 19 டிகிரி வரை வரும், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை ஓட்டினால் சரியாகப் போகிறது.

இன்னொரு விஷயமும் இருந்தது. இந்த மெஷினில் தண்ணீரைக் குளிர வைக்கிற மாடலும் உண்டு. ஜூலையில் எங்கள் குளம் 34, 35 டிகிரிக்குப் போய்விடும், உள்ளே இறங்கினால் மூச்சு முட்டும். போன வருஷங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அவள் பயிற்சியே செய்ய முடியவில்லை, அக்டோபரில் முட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதைப் பெரியவரிடம் சொன்னதும், "பிறகு எதற்கு யோசிக்கிறீர்கள்?" என்றார். வயரிங், தனி பிரேக்கர் எல்லாம் சேர்த்து 7,400 டாலர். மே மாதம் மாட்டினார்கள். இந்த வருஷம் ஜூலையில் ராத்திரி முழுக்க ஓடவிட்டு 29, 30-ல் வைத்தேன். ஒரு நாள் விடாமல் நடந்தாள்.

மெஷின் வருவதற்கு முன்பே குளத்துக்குக் கொப்புளம் வைத்த பிளாஸ்டிக் போர்வை வாங்கிவிட்டேன். குளம் இழக்கிற சூட்டில் பெரும்பங்கு ஆவியாகத்தான் போகிறது. போர்வை போட்டால் சூடாக்கும் செலவு பாதிக்கு மேல் குறையும் என்று இங்கத்திய எரிசக்தித் துறையே சொல்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்து மூடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, பாய் விரிக்கிற மாதிரி. மாத்திரையை விட்டுவிட்டேன். திரவ குளோரின்தான், அதையும் நேராகக் குளத்தில் ஊற்றுகிறேன். வாரம் இரண்டு தடவை பி.எச். பார்க்கிறேன், 7.4-லிருந்து 7.6-க்குள் நிற்கிறது. புது மெஷினுக்குள் டைட்டானியம் குழாய், அமிலத்துக்கு லேசில் அசையாது. இருந்தாலும் பார்க்கிறேன்.

சரி, உன் மோட்டார். மூன்று தடவையும் எதனால் எரிந்தது என்று காயில் கட்டுபவர் சொன்னாரா? அடுத்த தடவை அவிழ்க்கும்போது நீ பக்கத்தில் இரு. மூன்று பேஸ் சுருளும் ஒரே மாதிரிக் கருகியிருந்தால் ஓவர்லோடு, இல்லை லோ வோல்டேஜ். ஒன்றிரண்டு மட்டும் கருகி மற்றது பளபளவென்று இருந்தால் ஒரு பேஸ் போனபோதும் மோட்டார் ஓடியிருக்கிறது. அப்படியானால் ஸ்டார்ட்டரில், ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்துகிற பிரிவென்டர் வேலை செய்யவில்லை. அதைச் சரி பண்ணாமல் நீ புது மோட்டார் இறக்கினாலும் ஒரு கோடை தாங்காது. தண்ணீர் கீழே போய் மோட்டார் வெறுமனே ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடு. கல்யாண வீட்டில் தண்ணீர் நின்றுவிடக் கூடாது, இதைத் தள்ளிப் போடாதே.

பழைய எக்ஸ்சேஞ்சரைப் பெரியவர் எடுத்துப் போகவிருந்தார். நான் கேட்டு அதில் ஒரு சாண் அறுத்து வைத்திருக்கிறேன், பெட்டியில் போட்டுக் கொண்டு வருகிறேன். நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார். உள்பக்கம் முழுக்க ஒரே சீராக மெலிந்திருக்கிறது, அது அமிலம் என்று எனக்கே புரிகிறது. ஆனால் குழாய் வளைகிற இடத்தில் மட்டும் குதிரை லாடம் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். என் பம்ப் இரண்டு குதிரைசக்தி, வேகம் குறைக்க வழியில்லாதது. தண்ணீர் வேகமாய் மோதி அரித்ததா என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் ஊரிலிருந்து திரும்பியதும் பம்ப்பையும் பார்க்க வேண்டியிருக்கும்.

உன் வீட்டில் இருக்கிற என் தங்கச்சியிடம் சொல், கொள்ளுப் பருப்பும் கச்சாயமும் நான் இன்னும் மறக்கவில்லை.

உன்
பழைய அறைத் தோழன்