கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம வாய்ப்பா, சம விளைவா என்று தங்கள் நாளிதழில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். தேர்வும் விண்ணப்பமும் எல்லோருக்கும் ஒன்றுதான், அதற்கு மேல் அவரவர் உழைப்பு, அவரவர் சாமர்த்தியம். முடிவையும் சமமாக்கச் சொல்வது உழைப்பவன் வாயில் மண்ணைப் போடுவது என்ற வாதம் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. காங்கேயம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்த வாதத்தை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

எங்கள் பகுதி பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் கடைமடை, அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். பாசனம் பெறும் நிலப்பரப்பான ஆயக்கட்டை 4 மண்டலங்களாகப் பிரித்து, திருமூர்த்தி அணையிலிருந்து முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஏட்டில் எல்லா ஏக்கருக்கும் ஒரே உரிமை. ஆனால் வழிநெடுக மோட்டார் போட்டும் குழாய் பதித்தும் உறிஞ்சிவிடுவதால், வெள்ளகோவில் கிளை வாய்க்காலின் கடைசிப் பகுதிக்கு வரும்போது கணுக்கால் நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இருப்பதில்லை. இதற்காக இங்குள்ள விவசாயிகள் உண்ணாவிரதம் வரை போயிருக்கிறார்கள். பொள்ளாச்சித் தோப்பில் காய்க்கிற அளவுக்கு எங்கள் தோப்பிலும் காய்க்க வேண்டும் என்று அவர்களில் ஒருவராவது கேட்டாரா? எங்களுக்கு உரிய தண்ணீர் எங்கள் காட்டுக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் கேட்டார்கள். வந்து சேர்ந்ததா என்பதை அணையில் மதகு திறந்த தேதியை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. கடைமடையில் இறங்கித்தான் பார்க்கிறோம். மதகைத் திறந்துவிட்டோம், இனி உங்கள் சாமர்த்தியம் என்று ஓர் அதிகாரி சொன்னால் நம் ஊரில் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். படிப்பிலும் வேலையிலும் அதே பேச்சைப் பேசினால் மட்டும் தலையாட்டுகிறோம்.

எல்லோருக்கும் ஒரே மதிப்பெண், ஒரே சம்பளம் வேண்டும் என்பதல்ல என் கட்சி. விளைவைப் பார்க்காமல் வாய்ப்பு சமமாக இருந்ததா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பதுதான்.

நீட் தேர்வு தமிழ்நாட்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2017இல். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே தேர்வு. ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவம் சேர்வது ஏன் குறைவு என்று ஆராய்ந்த நீதிபதி கலையரசன் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அந்த ஒரே ஆண்டில் 300க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். அதே ஊர், அதே பள்ளி, அதே ஆசிரியர்கள். ஓர் ஆண்டில் பிள்ளைகளின் மூளையா மாறிவிட்டது? அவர்களும் நீட் எழுதித் தகுதி பெற்றவர்கள்தாம். கல்லூரிக்குள் போனபிறகு மற்றவர்கள் எழுதும் அதே பல்கலைக்கழகத் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் லட்சக்கணக்கில் கட்டி மறுபடி மறுபடி எழுத வசதியுள்ள வீட்டோடு, பள்ளி விடுமுறையில் பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளையை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, அந்த வரிசைக்குத் தகுதி என்று பெயர் வைத்திருந்தோம்.

2021இல் இதே 7.5 சதவீதம் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விக்கும் வந்தது. கட்டணத்தை அரசே ஏற்கிறது. மிக நல்ல திட்டம். ஆனால் அதற்குள்ளும் ஒரு கடைமடை இருக்கிறது. என்னிடம் படித்த பெண் ஒருத்தியின் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்ப்பவர். ஆர்டர் நெருக்கும்போது பிசிறு வெட்டுவதற்கு மூட்டையை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். பீஸுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. இரவு மகளும் உட்கார்ந்து வெட்டுவாள். அப்படியும் நல்ல கட்-ஆப் எடுத்தாள். கலந்தாய்வில் கல்லூரிகளை எந்த வரிசையில் அடுக்குகிறோம் என்பதில்தான் பாதி வாழ்க்கை இருக்கிறது. படித்த பெற்றோர் முந்தைய ஆண்டுகளின் கட்-ஆப் பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு நாள்கணக்கில் யோசித்துப் பதிவு செய்கிறார்கள். இவளுக்கு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் ஆலோசகர். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். தனக்குத் தெரிந்த நாலைந்து கல்லூரிகளை மேலிருந்து கீழே தட்டிவிட்டு அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். கோவையிலேயே நல்ல கல்லூரி கிடைத்திருக்கக் கூடியவள், ஆய்வகம்கூட உருப்படியாக இல்லாத ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தாள். உதவி மையங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. பஸ் செலவும் அம்மாவின் ஒரு நாள் கூலியும் போகும் தூரத்தில் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அது என் சொந்தபந்தங்களுக்குக் கசக்கும். கொங்கு வேளாளர் சமூகம் 1975இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ந்தது. அதனால் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் ஆனார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பலனை அனுபவித்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு, அருந்ததியர் பிள்ளைக்கு மட்டும் தகுதி போதாது என்று பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக நம் தோட்டங்களில் பண்ணையாளாகக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்தில் எல்லாச் சாதிகளுக்கும் ஒரே வாய்ப்புதான் இருந்தது. ஆனாலும் படிப்பிலும் அரசு வேலையிலும் அருந்ததியரின் பங்கு அவர்கள் மக்கள்தொகைக்கு ஏற்ப இல்லை. விளைவைப் பார்த்ததால்தான் அது வெளியே தெரிந்தது; 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீடும் வந்தது. பட்டியல் சாதிகளுக்குள் இப்படி உள் ஒதுக்கீடு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்துவிட்டது.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒரு விஷயத்தை மனதார ஒப்புக்கொள்கிறேன். விளைவைக் காகிதத்தில் சமமாக்கிக் காட்டுவது மோசடி. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையைத் தேர்ச்சி என்று மேல் வகுப்புக்குத் தள்ளிவிட்டு, 100 சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் பலகை வைக்கிறார்கள். அந்தப் பிள்ளை 9ஆம் வகுப்பில் முழிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். ஏழைப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை. இதைக் கண்டிப்பவர்கள், காசுள்ளவர்கள் விளைவை விலைக்கு வாங்கியதையும் சேர்த்துக் கண்டிக்க வேண்டும். நம் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் 11ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் 12ஆம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். 2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அப்படி வாங்கிய மதிப்பெண்ணை அன்றைக்கு யாரும் குறைத்துப் பேசவில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 2020இல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்த முதல் அணியில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் நடுவில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதை மாவட்டவாரியாகக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். பொறியியலுக்கும் அதேபோல, எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பட்டியல் போடுங்கள். கலந்தாய்வு நடக்கும் வாரங்களில் ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து, பெற்றோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லூரி வரிசையைப் பதிவு செய்துதர வேண்டும் என்று கல்வித் துறைக்கு எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் பகுதியில் அந்த வேலைக்கு ஆள் போதவில்லை என்றால், ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் சம்பளம் இல்லாமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்